பெயர் சுட்டாக் கடிதமும் மின்னஞ்சலின் தலைப்பகுதியும்

அகத்திணைப் பாடல்களிலே தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இம்மரபைப் பெரும்பாலும் பேணியே செல்கிறது. கணவனைப் பிரிந்து கட்டிலில் வருந்திக் கிடக்கும் அரசி ஒருத்தி. வாடைக் காற்று வீசும் நள்ளிரவிலும் துயிலாது, புண்பட்ட வீரரைப் பாசறையிற் சென்று காணும் அரசன் ஒருவன். இருவருக்கும் பெயரில்லை. எனினும் இப்பாட்டைப் புறத்திணைக்குரியதாகவே நச்சினார்க்கினியர் கொண்டார். அதற்கு அவர் காட்டிய காரணம் மிகச் சிறியது. பாசறையிலே அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலில் வேம்பு கட்டப்பட்டிருந்ததாகப் புலவர் ஓரிடத்திற் கூறிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளம். ஆகவே பெயர் சொல்லப்படாமலே அரசன் யாரென்பது வெளிப்பட்டுவிட்டது. தமிழ் மரபை அறியாத ஒருவருக்கு அந்த வேம்பு ஒரு மரத்தின் தழை மட்டுமே. மூவேந்தர் சூடும் பூக்களை அறிந்தவருக்கோ அது முத்திரை மோதிரம்.

மின்னஞ்சலில் இத்தகைய வேம்புகள் பல உள. எழுதுபவர் தம் பெயரை விட்டுவிடலாம். புனைபெயரில் ஒரு கணக்கைத் திறந்து அதிலிருந்து எழுதலாம். தமக்கு இயல்பான நடையைக்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆயின் மடலின் மேலே, வாசிப்பவரின் கண்ணிற் படாதவாறு மடித்து வைக்கப்பட்டிருக்கும் தலைப்பகுதி, அவர் இருந்த இடத்தையும் எழுதிய வேளையையும் கையாண்ட கருவியையும் பற்றி ஏதோவொன்றைச் சொல்லிக்கொண்டே செல்கிறது. அது என்ன சொல்கிறது என்பதைவிட, சொல்வது எவருக்கு விளங்குகிறது என்பதே கூர்ந்து நோக்கப்பட வேண்டியது.

பெயரிடாது கடிதம் அனுப்பும் வழக்கம் நம்மவருக்குப் புதிதன்று. மொட்டைக் கடிதம் என்ற பெயரிலேயே ஓர் இளக்காரம் உண்டு. கல்யாணப் பேச்சைக் குழப்புவதற்கும் அயலவனின் உத்தியோகத்தைக் கெடுப்பதற்கும் எழுதப்பட்ட அத்தகைய கடிதங்கள்மீது எவருக்கும் நல்லபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. ஆயினும் சங்கக்கடை அரிசி இரவில் வேறெங்கோ போவதை மேலிடத்துக்கு அறிவிக்க நினைத்த ஏழைச் சிப்பந்திக்கும் அதே கடிதந்தான் வழியாயிருந்தது. அக்கடிதத்தைப் பற்றி ஆராய்பவருக்குக் கிடைத்தது ஒரு தபால் முத்திரை. அது ஊரைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சாவகச்சேரிக்கு பஸ்ஸேறிச் சென்று அங்குள்ள பெட்டியிற் போட்டுவிட்டால் ஊரும் பொய்த்துவிடும். கையெழுத்தை இடக்கையால் எழுதி மாற்றலாம். காகிதத் தபாலின் அறியாமையே எளியவருக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

மின்னஞ்சல் அவ்வளவு அறியாமை உடையதன்று. வழியிலுள்ள ஒவ்வொரு தபாற் கந்தோரும் கடிதத்தின் தலையிலே தன் முத்திரையைக் குத்தி, அதனை எவரிடமிருந்து, எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை செக்கனிற் பெற்றது என்பதையும் எழுதி அனுப்புவதாகக் கற்பனை செய்துகொண்டால் அதன் அமைப்பு ஓரளவு விளங்கும். மடலைக் கையேற்கும் ஒவ்வொரு சேவையகமும் 'ரிசீவ்ட்', அதாவது 'பெறப்பட்டது', என்று தொடங்கும் வரியொன்றை ஏற்கெனவே உள்ள வரிகளுக்கு மேலே சேர்க்கிறது. ஆகையால் மேலிருந்து கீழாக வாசிப்பவர் மடல் வந்த பாதையிற் பின்னோக்கி நடக்கிறார். ஆக அடியிலுள்ள வரியே எழுதியவருக்கு மிக அண்மையில் இடப்பட்டது. அவருடைய கணனி முதற் சேவையகத்துடன் தொடர்புகொண்டபோது எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது என்பது அங்கே பதியப்படக்கூடும். தன்னை அறிமுகஞ் செய்யும்போது அக்கணனி சொன்ன பெயரும் அருகிலேயே நிற்கும். கணனியை வாங்கியதும் அதற்குத் தம் சொந்தப் பெயரையே இட்டுவிடுவோர் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பார்க்கலாம். புனைபெயரில் எழுதியவரின் இயற்பெயர் இவ்வாறு அவர் அறியாமலே மடலின் உச்சியில் ஏறிவிடுவதுண்டு. மடலை எழுதப் பயன்பட்ட மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் சில வேளைகளிற் காணப்படும். ஒவ்வொரு மடலுக்கும் இடப்படும் தனி அடையாளக் குறியின் பின்பாதி, அதனை ஆக்கிய கணனியையோ நிறுவனத்தையோ சுட்டுவதும் உண்டு.

திகதியைக் கூறும் வரியிலுள்ள நேர வலயம் பலரின் கவனத்துக்கு வருவதில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்து எழுதுவோரின் மடலில் இன்று அது '+0530' என்று நிற்கும். எண் சிறிது; சொல்லும் செய்தி பெரிது. இந்நாட்டின் மணிக்கூடு 1996 ஆம் ஆண்டில் முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளிலே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்காது பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரே தீவில் இரண்டு மணிக்கூடுகள் ஓடின. ஒருவர் தம் கணனியில் எந்த நேரத்தை வைத்திருந்தார் என்பது, அவர் எங்கே இருந்தார் அல்லது எவருடைய ஆணையை ஏற்றார் என்று பிறர் ஊகிக்கப் போதுமான தடயமாகியிருக்கக் கூடிய காலம் அது. உலகின் வேறெங்கோ இருப்பவருக்கு அரை மணித்தியால வேற்றுமையிற் பொருளேதுமில்லை. சோதனைச்சாவடியில் நின்றவருக்கு அது பொருளற்றதாக இராது.

இவ்வமைப்பை வகுத்தோர் எவரையும் வேவு பார்க்க எண்ணியவரல்லர். 1971 இல் ரே டொம்லின்சன் ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்கு மடல் அனுப்பிக் காட்டியபோது, அந்த வலையமைப்பில் இருந்தோர் ஐக்கிய அமெரிக்காவின் சில பல்கலைக்கழகங்களையும் ஆய்வுகூடங்களையும் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தலைப்பகுதியை ஒழுங்குபடுத்தும் முயற்சி 1973 இலேயே தொடங்கிற்று. 1982 ஆகஸ்டில் டேவிட் குரொக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822 மடலின் வடிவத்தையும், ஜோன் பொஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 அதனைக் கொண்டுசெல்லும் முறையையும் நிலைநிறுத்தின. 'பெறப்பட்டது' என்ற வரி அங்கே வேண்டப்பட்டதற்குக் காரணம் மிக இயல்பானது. மடலொன்று இரு கணனிகளுக்கிடையே முடிவின்றிச் சுற்றத் தொடங்கினாலோ வழியில் தாமதித்தாலோ பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அது உதவும். முன்னவர் இட்ட வரியைப் பின்னவர் மாற்றவோ நீக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடும் இதனாலேயே வந்தது. பொறியியலாளனின் நோக்கில் இதற்குக் குறை சொல்ல இடமில்லை.

தீங்கை முன்னறிந்து கூறியவர் எவருமிலர் என்றும் சொல்லிவிட முடியாது. குரொக்கரின் ஆவணத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 1981 பெப்ரவரியில், டேவிட் சௌம் என்ற ஆய்வாளர் தடந்தெரியாத மின்னஞ்சல் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டிருந்தார். கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைத்தல் ஒரு காரியம். எவர் எவருடன், எப்போது பேசினார் என்பதை மறைத்தல் மற்றொரு காரியம். முன்னையதைச் செய்துவிட்டதால் பின்னையது நிறைவேறிவிடாது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஆனால் உலகம் குரொக்கரின் வடிவத்தையே ஏற்று நடந்தது. 2008 இல் வெளியான திருத்திய நெறிமுறை, பாதுகாப்புப் பற்றிய பகுதியிலே, தடவரிகள் ஒரு நிறுவனத்தின் உள்ளகக் கணனிப் பெயர்களை வெளியாருக்குக் காட்டிவிடக்கூடும் என்று சில வரிகளில் எச்சரித்து, வழக்கமாக இதனாற் சிக்கல் ஏற்படுவதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. வழக்கமாக என்ற அச்சொல் எவருடைய வழக்கத்தைக் குறிக்கிறது என்பது கேட்கத்தக்கது.

இங்கே ஒரு முரண் உண்டு. இத்தனை நுணுக்கமாகப் பேசும் தலைப்பகுதி, அனுப்புநர் யார் என்ற முதல் வினாவுக்கு மட்டும் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பேதையாகவே படைக்கப்பட்டது. எவரும் எவர் பெயரையும் அவ்வரியில் எழுதலாம். துணைவேந்தரின் பெயரிலே, அவசரமாகப் பணம் வேண்டுமென்று விரிவுரையாளருக்கு வரும் மடல் இக்குறையின் பிள்ளையே. வஞ்சகன் கீழ்த் தடவரிகளையும் தானே புனைந்து சேர்த்துவிடலாம்; முழு நம்பிக்கைக்குரியது பெறுநரின் சொந்தச் சேவையகம் இட்ட வரி ஒன்றே. அதாவது, ஏமாற்றத் தெரிந்தவனிடம் தலைப்பகுதி ஏமாந்துபோகிறது. ஏதுமறியாது உண்மையாக எழுதுபவனையே அது உள்ளபடி காட்டிக்கொடுக்கிறது. இதனைத் திருத்தும் நோக்குடன் கடந்த இருபதாண்டுகளில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் எனும் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுத்தப்பட்டன. இவற்றுள் இரண்டாவது, அனுப்பும் சேவையகம் மடலிலே கணிதமுறையான கையொப்பமொன்றை இடுவது. பொய் மடல் குறைந்தது. ஆனால் புதியதொரு பக்கவிளைவு தோன்றிற்று. 2016 இல் ஹிலரி கிளின்ரனின் தேர்தற் பணித் தலைவர் ஜோன் பொடெஸ்ராவின் மடல்கள் களவாடப்பட்டு வெளியிடப்பட்டபோது, அவற்றுட் பல திருத்தப்படாத உண்மை மடல்களே என்று இந்தக் கையொப்பங்களைக் கொண்டு எவராலும் சரிபார்க்க முடிந்தது. களவு கொடுத்தவரின் கடிதத்துக்குக் களவெடுத்தவனிடம் நற்சான்றிதழ் இருந்தது! ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மத்தியூ கிறீன் 2020 இல் ஒரு யோசனையை முன்வைத்தார். பழைய கையொப்பத் திறவுகளைக் கூகிள் காலத்துக்குக் காலம் பகிரங்கமாக வெளியிட்டுவிட்டால், பழைய மடல்களை எவரும் போலியாகப் புனையலாம். எனவே அவற்றை எவரும் சான்றாகக் காட்ட முடியாது போகும் என்பது அவர் வாதம். விசித்திரமாகத் தோன்றினும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று.

இவற்றையெல்லாம் பெரிய இடத்து விவகாரமென்று கருதுவோர் ஷி தாவோ என்பவரின் கதையை அறிந்திருத்தல் நன்று. சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவிலே வெளிவந்த வர்த்தகப் பத்திரிகையொன்றின் ஆசிரியபீடத்தில் அவர் பணியாற்றினார், கவிஞருமாவார். 2004 ஏப்ரல் 20 ஆந் திகதி நடந்த ஆசிரியபீடக் கூட்டத்தில் மேலிடத்துப் பணிப்புரையொன்று தெரிவிக்கப்பட்டது. தியனன்மென் சதுக்கப் படுகொலையின் பதினைந்தாம் ஆண்டு நிறைவு நெருங்கிக்கொண்டிருந்தது; அவ்வேளையிற் பத்திரிகைகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே பணிப்பின் சாரம். ஷி தாவோ தாம் எடுத்த குறிப்புகளை அன்றிரவே தமது யாகூ கணக்கின் மூலம் நியூயோர்க்கிலிருந்து இயங்கிய சீன சனநாயகவாதிகளின் வெளியீடொன்றுக்கு அனுப்பினார். பெயர் கொடுக்கவில்லை. '198964' என்ற எண்ணைப் புனைபெயராகக் கொண்டார். 1989 ஆம் ஆண்டு, ஆறாம் மாதம், நாலாம் நாள். சதுக்கத்திலே இரத்தஞ் சிந்திய தினம். மறைக்க வந்த பெயரிலும் தம் மனத்தை மறைக்க அவரால் முடியவில்லைப் போலும்.

அவ்வாண்டு நவம்பரில் அவர் கைதானார். 2005 ஏப்ரலிற் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரச இரகசியத்தை வெளிநாட்டாருக்கு வழங்கினார் என்பது குற்றம். தீர்ப்பிலே சான்றுகளின் வரிசையில் யாகூவின் ஹொங்கொங் கம்பனி கொடுத்த தகவலும் இடம்பெற்றது. அன்றிரவு 11 மணி 32 நிமிடம் 17 செக்கனுக்குக் குறித்த ஐ.பி. முகவரியைப் பயன்படுத்திய இணைப்பு, சாங்ஷாவிலுள்ள அப்பத்திரிகைக் காரியாலயத்தின் தொலைபேசி இணைப்பாகும். ஓர் எண்ணும் ஒரு வேளையும், அவ்வளவே. மடலின் தலைப்பகுதியில் நிற்கும் சாமான்கள் இவைதாம். ஷி தாவோவின் விடயத்தில் இவை மடலிலிருந்து வாசிக்கப்பட்டவையல்ல, சேவை வழங்கியவரின் ஏட்டிலிருந்து கொடுக்கப்பட்டவை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாற் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்றே. அந்த எண்ணை நியூயோர்க்கிலுள்ள ஆசிரியர் பார்த்திருந்தால் அது அவருக்கு வெறும் எண். தொலைபேசிப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த சீன அதிகாரிக்கு அது ஒரு மேசை, ஒரு கதிரை, அதில் இருந்த ஒரு மனிதன்.

யாகூவின் சட்டப் பணிப்பாளர் 2006 இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணையிலே, தகவல் கேட்கப்பட்டபோது அதன் காரணம் தமக்குத் தெரியாதென்று கூறியிருந்தார். கோரிக்கைக் கடிதத்தில் அரச இரகசியம் பற்றிய குற்றச்சாட்டுக் குறிப்பிடப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. 2007 நவம்பரில் நிறுவனத்தின் தலைவர் ஜெரி யாங், விசாரணை மண்டபத்திலே பின்வரிசையில் அமர்ந்திருந்த ஷி தாவோவின் தாயாரை நோக்கித் தலைவணங்கினார். விசாரணைக் குழுவின் தலைவர் ரொம் லன்ரோஸ், செல்வத்திலும் தொழில்நுட்பத்திலும் பூதங்களாகிய நீங்கள் ஒழுக்கத்தில் குள்ளர்கள் என்னும் பொருள்படக் கண்டித்தார். மகன் சிறையிலேயே இருந்தார். 2013 ஆகஸ்டில், தண்டனைக் காலம் முடிய ஓராண்டுக்குச் சற்று மேலே எஞ்சியிருக்க, விடுவிக்கப்பட்டார்.

ஐ.பி. முகவரி தன்னளவில் எவருடைய பெயருமன்று என்ற வாதம் அடிக்கடி சொல்லப்படுவது. அது பாதியளவே உண்மை. மற்றைய பாதி வேறோர் அலுமாரியிற் பூட்டிக் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று 2016 ஒக்டோபரில் பிறையர் எனும் ஜேர்மனிய அரசியல்வாதியின் வழக்கில் இதனைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. அவ்வப்போது மாறும் முகவரி எண்ணும், அதனை ஆளுடன் பொருத்தவல்ல மேலதிகத் தகவலைச் சட்டவழியிற் பெறக்கூடிய ஒருவரின் கையில் இருக்கும்போது, தனிநபர் தரவாகவே கொள்ளப்படும் என்பது முடிபு. இதனை ஆழ்ந்து நோக்கினால், ஒரே எண் ஒருவரின் கையில் அடையாளமாகவும் மற்றவரின் கையில் அடையாளமற்றதாகவும் இருக்கலாம் என்றாகிறது. பொருள் எண்ணில் இல்லை. வாசிப்பவரின் இருப்பிடத்தில் உள்ளது.

வேவுத்துறையின் தலைமையில் இருந்தவர்கூட இதற்குத் தப்பவில்லை. 2012 இல் புளோரிடா மாநிலத்துப் பெண்ணொருவருக்குப் பெயரற்ற மிரட்டல் மடல்கள் வந்தன. அவை எந்தெந்த முகவரிகளிலிருந்து அனுப்பப்பட்டன என்று கண்டறிந்து, அம்முகவரிகளுக்குரிய ஹோட்டல்களிலே அந்நாட்களில் யார் யார் தங்கினர் என்று ஒப்புநோக்கிய புலனாய்வாளர், அமெரிக்க மத்திய புலனாய்வு முகவரகத்தின் பணிப்பாளர் டேவிட் பெற்றேயசின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்மணியிடம் சென்று சேர்ந்தனர். இருவருக்குமிடையிலான உறவு வெளிவர, நவம்பரில் அவர் பதவி துறந்தார். அவ்விருவரும் தமக்குள் மடல் அனுப்பாமலே, ஒரே கணக்கில் வரைவுகளாக எழுதி வைத்து வாசித்துக்கொண்டனர் என்று செய்திகள் கூறின. அனுப்பப்படாத மடலுக்குத் தலைப்பகுதி இல்லை. தந்திரம் அறிந்தே செய்யப்பட்டது. அனுப்பிய மடல்களே காட்டிக்கொடுத்தன.

இந்நிகழ்ச்சி மறுபக்கத்து நியாயத்தையும் நினைவூட்டுகிறது. மிரட்டப்பட்ட பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் தலைப்பகுதி பேசியது நன்றேயாகும். பெண்களுக்கு ஆபாச மடல் அனுப்புபவனையும், பரீட்சை நாளிற் குண்டுப் புரளி கிளப்புபவனையும் பிடிப்பதற்கு இத்தடங்களே கைகொடுக்கின்றன. எல்லாத் தடத்தையும் அழித்துவிட வேண்டுமென்று கோருவோர் இவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். பின்லாந்தைச் சேர்ந்த யொஹான் ஹெல்சிங்கியஸ் 1993 முதல் நடத்திவந்த சேவை இவ்வினாவோடு நேரடியாக மோதியது. தம்மிடம் வந்த மடலின் தலைப்பகுதியைக் களைந்து, இலக்கமொன்றை மட்டும் இட்டு அனுப்பிவைப்பது அச்சேவை. அதிற் கயவரும் புகுந்தனர், கதியற்றோரும் புகுந்தனர். இலக்கத்தையும் உண்மை முகவரியையும் இணைக்கும் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தே தீரவேண்டியிருந்தது. மறுமொழி போய்ச்சேர வேறு வழியில்லை. 1995 இல் சயன்ரொலொஜி சபையின் முறைப்பாட்டின்பேரில் வந்த பொலிசாருக்கு அப்பட்டியலிலிருந்து ஒருவரின் முகவரியைக் கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு மேலும் வற்புறுத்தல் வரவே, ஆகஸ்டிற் சேவையையே மூடிவிட்டார். மடலைச் சுத்தமாக்கியவரின் வீட்டிலேயே மற்றைய பாதி தங்கியிருந்தது. பட்டியல் எந்த ஒருவரிடமும் முழுமையாக இராதபடி பல கைகளுக்குப் பிரித்துவிட வேண்டுமென்று சௌம் 1981 இலேயே கூறியதன் அருமை அப்போது பலருக்கு விளங்கிற்று.

இன்று நிலைமை ஓரளவு மாறியுள்ளது. ஹொட்மெயில் போன்ற சேவைகள் நெடுங்காலம் அனுப்புநரின் ஐ.பி. முகவரியைத் தனி வரியாகவே மடலிற் பொறித்து அனுப்பின. பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. உலாவியினூடாக ஜிமெயிலில் எழுதுபவரின் முகவரி பெறுநருக்குக் காட்டப்படுவதில்லை. ஆனால் அதே மனிதர் தம் கணனியிலுள்ள தனி அஞ்சல் மென்பொருளைக் கொண்டு அனுப்பும்போது, சேவைக்குச் சேவை நிலை வேறுபடுகிறது. முதல் தடவரியில் அவருடைய முகவரி நின்றுவிடலாம். அஞ்சலை மறைகுறியாக்கினாற் போதும் என்று நம்புவோரும் உளர். 1991 இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. முதலிய கருவிகள் மடலின் உடலைப் பூட்டுவன. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்பன திறந்தே கிடந்தன. அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் முன்னாட் தலைவர் மைக்கல் ஹேடன் 2014 இல் ஒரு விவாத மேடையிலே, இத்தகைய புறத் தகவலைக் கொண்டே நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒளிவுமறைவின்றிக் கூறினார். கடிதத்தைப் பிரிக்காமலே உறையைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் காலம் என்பதற்கு இதனிலும் தெளிவான வாக்குமூலம் கிடைப்பதரிது.

பல்கலைக்கழகங்களின் நிலை இவ்விடத்துத் தனியே கவனிக்கத்தக்கது. இந்நாட்டிற் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 ஆம் ஆண்டிலேயே, 20 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. சட்டம் இருந்தும் புதுமுக மாணவர் முறைப்பாடு செய்யத் தயங்குவதன் காரணம் வெளிப்படை. யார் சொன்னது என்பது விடுதிக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். அத்தகைய மாணவி ஒருத்தி புனைபெயரில் ஒரு மடலை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வளாகத்தின் அஞ்சற் சேவையைப் பயன்படுத்தினால், உள்ளக வலையமைப்பின் எண்ணொன்று தடவரியில் விழக்கூடும். அவ்வெண் கொழும்பிலுள்ள அதிகாரிக்கோ வெளிநாட்டு ஆய்வாளருக்கோ எதையும் உணர்த்தாது. எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த ஆய்வுகூடத்துக் கணனி என்று அதனை வாசிக்க வல்லவர் ஒரு வளாகத்தில் ஓரிருவரே; அவர்கள் அவள் அஞ்சும் மனிதரின் அயலிலேயே இருக்கலாம். ஒரு துறைத்தலைவரைப் பற்றி முறையிடும் உதவி விரிவுரையாளருக்கும் இதே கதிதான். தொலைவிலுள்ள அந்நியனுக்கு ஊமையாயிருக்கும் தலைப்பகுதி, அஞ்சத்தக்க அண்மையில் இருப்பவனிடமே வாய்திறக்கிறது.

முதல் தடவரியை அகற்றுவது பெரிய வேலையன்று. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சேவையக மென்பொருள்களிலே சில வரிகளை எழுதினால், உள்ளக எண்கள் வெளியே செல்லாது நிறுத்திவிடலாம். அதனால் துர்ப்பிரயோகத்தை விசாரிக்க முடியாது போய்விடும் என்று கணனி நிலையத்தார் கூறுவதிற் பொருத்தமில்லை. மடலில் இல்லாததும் சேவையகத்தின் சொந்தப் பதிவேட்டில் இருக்கும். எனவே கடினமான கேள்வி அந்தப் பதிவேட்டைப் பற்றியது. எத்தனை நாள் வைத்திருப்பது, எவர் திறப்பது, எவருடைய எழுத்து மூலமான கட்டளையின்பேரில் திறப்பது என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். இத்தகைய ஏற்பாடு பல்கலைக்கழகத்துக்குப் பழக்கமற்றதுமன்று. விடைத்தாளில் மாணவரின் பெயர் இல்லை, சுட்டெண்ணே உண்டு. சுட்டெண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் பரீட்சைக் கிளையில் இருக்கிறது. புள்ளியிடும் விரிவுரையாளரிடம் அது கொடுக்கப்படுவதில்லை. எண் ஒரு கையிலும் பெயர் மறுகையிலும் இருக்க வேண்டும் என்ற இவ்வொழுங்கு விடைத்தாளைப் பொறுத்தவரை நெடுங்காலமாக எவருடைய ஆட்சேபமுமின்றி நடைபெற்று வருகிறது. முறைப்பாட்டுப் பெட்டியாகப் பயன்படும் மின்னஞ்சற் கணக்கின் பதிவேடோ, முறைப்பாட்டுக்கு உள்ளாகக்கூடியவர்களின் அதே நிர்வாகத்தின் கீழேயே இருந்துவிடலாகும்.